பாட்டியின் தோடு மஞ்சள் அடிக்கிறதா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"பாட்டியின் ஏழு கல் வைரத்தோடு அம்மா வழியாக என்னிடம் வந்திருக்கிறது. 1950-களில் செய்தது. வீட்டில் அதை 'ப்ளூ ஜாகர் தோடு' என்றுதான் சொல்வோம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பழைய மாடலாக இருக்கிறதே என்று மாற்றக் கொண்டுபோனேன். முதல் கடையில் 'கல் மஞ்சள் அடிக்குதும்மா, எல் கலர்' என்றார்கள். இரண்டாவது கடையில் 'ஜே சொல்லலாம்' என்றார்கள். இரண்டு பேருமே பழசை எடுத்துக்கொண்டு ஈ.எஃப். கலரில் புதுத் தோடு தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாவது கடையின் புதுத் தோடு, முதல் கடை விலையில் பாதிகூட இல்லை. வைரம் வயதாகி மஞ்சளாகுமா? பாட்டி முற்றத்து வெயிலில் காட்டி 'நீலம் அடிக்குது பார்' என்பாள். அது பொய்யா? மஞ்சள் வைரம் கோடிக்கணக்கில் விலை போகிறதென்று மகள் போனில் காட்டுகிறாள். எங்கள் மஞ்சளுக்கு மட்டும் ஏன் விலை இல்லை? மாற்றலாமா, வேண்டாமா?"

முதலில் உங்கள் பாட்டியைக் காப்பாற்றிவிடுகிறேன். அவர் சொன்னது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடைக்காரர்களும் அநேகமாகப் பொய் சொல்லவில்லை. ஒரே கல் முற்றத்தில் நீலமாகவும் கடை விளக்கில் மஞ்சளாகவும் தெரியலாம். இரண்டையும் செய்வது கல்லுக்குள் இருக்கும் ஒரே ஆசாமிதான். முப்பது வருடத்துக்கு மேலாகத் திருச்சியில் கல் பார்த்து மதிப்புப் போடுகிறேன். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு அலுத்ததே இல்லை.

வயதாகி மஞ்சளாகுமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். ஆகாது. வைரங்களில் பெரும்பாலானவை பூமிக்கடியில் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் விளைந்தவை. 100 கோடி வருடத்துக்கு மேல் வயதானவை ஏராளம். அந்தக் கல்லுக்கு உங்கள் வீட்டில் கழிந்த எழுபது வருடம் ஒரு பொருட்டே இல்லை.

மங்குவது வேறு, மஞ்சளாவது வேறு. வெள்ளிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த காதில் இருந்த தோடு அது. 'எண்ணெய் இறங்கிப்போச்சு' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது சும்மா சொன்ன பேச்சில்லை. வைரத்துக்கும் எண்ணெய்ப் பசைக்கும் அவ்வளவு ஒட்டுதல். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு சேர்த்து, கிரீஸ் பூசிய மேசையின் மேல் ஓடவிடுவார்கள். மற்ற கல்லெல்லாம் நீரோடு போய்விடும். வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே குணம்தான் உங்கள் தோட்டின் பின்பக்கத்தில் வருடக்கணக்காக அழுக்குப் படலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு கடைக்காரர்களும் கல்லின் நிறத்தோடு எழுபது வருட எண்ணெயையும் சேர்த்தேதான் பார்த்திருக்கிறார்கள்.

சரி, கல்லுக்குள்ளே இருக்கும் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

சுத்தமான வைரம் என்பது வெறும் கரி அணுக்களின் அடுக்கு. அதற்கு நிறமே கிடையாது. தனிம அட்டவணையில் கரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நைட்ரஜன். அளவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல் விளையும்போது பத்து லட்சம் கரி அணுக்களுக்கு நடுவே சில பத்து, சில நூறு என்று நைட்ரஜன் அணுக்கள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். இயற்கை வைரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்த இனம்தான். நைட்ரஜன் இல்லை என்றே சொல்லக்கூடிய கற்கள் நூற்றில் ஒன்றிரண்டு. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ப் பக்கம் கிடைத்த பழைய கோல்கொண்டா கற்களில் புகழ்பெற்ற சில அந்த ரகம்; கோஹினூரும் அதுவே. நல்ல நீரோட்டமுள்ள வெள்ளைக் கல்லைக் 'கோல்கொண்டா' என்று வியாபாரிகள் இன்றும் சொல்வது அதனால்தான்.

நைட்ரஜன் உள்ளே நுழைந்ததோடு கதை முடிவதில்லை. முதலில் ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக இருக்கும். அந்த நிலையிலேயே கல் மேலே வந்துவிட்டால் பளிச்சென்ற மஞ்சள், கேனரிப் பறவை மஞ்சள். இயற்கையில் அது மிக அபூர்வம், ஆயிரத்தில் ஒன்று என்பார்கள். மற்றக் கற்கள் பூமியின் சூட்டில் கோடிக்கணக்கான வருடம் கிடக்கும்போது, உள்ளே நைட்ரஜன் மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாக, நான்கு நான்காகச் சேர்ந்துகொள்ளும். இரண்டாகவும் நான்காகவும் சேர்ந்தவற்றால் கண்ணுக்கு நிறம் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு காலி இடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கூட்டு ஊதா ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஊதாவும் நீலமும் குறைந்த வெள்ளை வெளிச்சம் நம் கண்ணுக்கு இளமஞ்சளாகத் தெரிகிறது. உங்கள் தோட்டின் மஞ்சள் அநேகமாக இந்த மூவர் கூட்டணியின் வேலை.

இதே மூவருக்கு இன்னொரு குணமும் உண்டு. வெயிலில் கலந்து வரும் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடத்திலிருந்து நீல ஒளி கிளம்பும். வியாபாரத்தில் இதை ஃபுளோரசன்ஸ் என்கிறோம். மஞ்சளுக்கு நேர் எதிர் நீலம். பழைய வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதைப் போலத்தான், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி கல் வெளுப்பாகத் தெரியும். ஒளிர்வு பலமாக இருந்தால் நீலமே அடிக்கும். கடையின் எல்.இ.டி. விளக்கில் புற ஊதாக் கதிர் அநேகமாகக் கிடையாது. அங்கே நீலம் தூங்கிவிடும், மஞ்சள் மட்டும் விழித்திருக்கும். பாட்டி பார்த்தது முற்றத்தில், நீங்கள் பார்த்தது கண்ணாடி மேசை மேல். அவ்வளவுதான் வித்தியாசம்.

'ப்ளூ ஜாகர்' என்ற பேரும் இங்கேதான் வந்து சேர்கிறது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்துக் கற்கள் நீலம் கலந்த வெண்மைக்குப் பேர்போனவை. அந்த ஊர்ப் பெயர்தான் நம் வாயில் ஜாகர் ஆனது. சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. அப்புறம் நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயர் 'நல்ல கல்' என்பதற்கு அடைமொழியாகத் தங்கிவிட்டது. உங்கள் கல் அந்தச் சுரங்கத்திலிருந்தே வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் நிரூபிக்கவும் முடியாது. வெயிலில் நீலம் அடித்ததைப் பார்த்து அந்தக் காலத்து ஆசாரியோ வியாபாரியோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

இனி விலை.

இன்று உலகம் முழுக்க நடப்பது டி முதல் இசட் வரையிலான எழுத்துக் கணக்கு. 1950-களில் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. கொண்டுவந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு 'ஏ', 'டபுள் ஏ', 'டிரிபிள் ஏ' என்று போட்டுக் குழப்பி வைத்திருந்ததால், அந்தச் சனியனே வேண்டாம் என்று டி-யில் ஆரம்பித்தார்கள். டி, ஈ, எஃப் என்றால் நிறமே இல்லை. ஜி முதல் ஜே வரை, பழகாத கண்ணுக்கு நிறம் தெரியாது. கே, எல், எம் லேசான மஞ்சள். அதற்குக் கீழே போகப் போக மஞ்சளோ பழுப்போ கூடும், விலை இறங்கும். மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஒரு காரட் கல்லில் கே-யின் விலை டி-யின் விலையில் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

ஏன் அப்படி? வெள்ளைக் கல் குறைவு, இளமஞ்சள் கல் ஏராளம். 1867-க்கு முன் உலகச் சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் இந்தியாவின் கற்களும் பிரேசிலின் கற்களும். அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் வைரம் அகப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கிருந்து கல் வந்து குவிந்தது, அதில் மஞ்சள் சாயல் கொண்டவை ரொம்ப அதிகம். நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்ததால் அவற்றுக்குக் 'கேப்' கற்கள் என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று விழுந்த பெயரிலிருந்து இளமஞ்சள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இத்தனைக்கும் நம் சிலப்பதிகாரத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெரு வரும் இடத்தில் வைரத்தின் குற்றங்களாகச் சொல்லப்படுபவை காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்குதான். மஞ்சள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இளங்கோவடிகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாதே!

உங்கள் மகள் காட்டிய கோடி ரூபாய் மஞ்சளும் பொய் இல்லை. விலைக் கோடு டி-யிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, இசட்-டைத் தாண்டியதும் மறுபடி ஏறத் தொடங்கும். அதற்கு மேல் மஞ்சள் இருந்தால் அது குறையில்லை, 'பேன்சி' கலர். பேன்சி இன்டென்ஸ், பேன்சி விவிட் என்று செறிவு கூடக் கூட விலையும் ஏறும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பேன்சி மஞ்சள்களில் பல உங்கள் கல்லின் இனமேதான், நைட்ரஜன் கூட்டு கொஞ்சம் அதிகம், அவ்வளவே. மதிப்பிடும் முறையும் தலைகீழாகிவிடும். வெள்ளைக் கல்லைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கவாட்டில் நிறம் பார்ப்போம். பேன்சி கல்லை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்போம். பட்டை தீட்டுகிறவர்களும் மஞ்சள் முகத்தில் திரளும்படி ரேடியன்ட் மாதிரியான வடிவங்களில் தீட்டுவார்கள். காப்பியில் சிக்கரி கொஞ்சமாகத் தெரிந்தால் கலப்படம் என்போம், நன்றாகத் தெரிந்தால் அதற்கென்றே ரசிகர்கள் இருப்பார்கள். கிட்டத்தட்ட அதுதான்.

மற்ற நிறங்களைப் பற்றி இரண்டு வரி, நீங்கள் கேட்காவிட்டாலும். நீலத்துக்குக் காரணம் போரான். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 காரட் 'ஹோப்' வைரம் அப்படிப்பட்டது, அதுவும் இந்தியக் கல்தான். பச்சை பெரும்பாலும் பாறைகளில் உள்ள இயற்கைக் கதிரியக்கம் பட்டதால் வருவது. இளஞ்சிவப்புக்குப் பெரும்பாலும் வேற்றுப் பொருள் காரணமில்லை. பூமிக்குள் கல் நசுங்கி, அணுக்களின் அடுக்கு நெளிந்ததால் வந்த நிறம். உலகத்து இளஞ்சிவப்புக் கற்களில் பெரும்பங்கைத் தந்த ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020-ல் மூடப்பட்டது. 'பிங்க் ஸ்டார்' என்ற 59.60 காரட் கல் 2017-ல் ஹாங்காங் ஏலத்தில் 7.1 கோடி டாலருக்கு மேல் போனது. அதெல்லாம் வேறு உலகம். நாம் கும்பகோணத்துக்கு வருவோம்.

ஒரு கடையில் எல், இன்னொரு கடையில் ஜே என்றது உங்களைக் குழப்பியிருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நிறம் பார்ப்பதற்குக் கல் கட்டடத்திலிருந்து, அதாவது அதைப் பதித்திருக்கும் தங்கத்திலிருந்து, வெளியே வந்திருக்க வேண்டும், கழுவியிருக்க வேண்டும், வெள்ளைத் தட்டில் கவிழ்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் நிறம் தீர்மானிக்கப்பட்ட மாதிரிக் கற்கள் இருக்க வேண்டும். மஞ்சள் தங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கல், தங்கத்தின் நிறத்தையும் வாங்கி நமக்குக் காட்டும். தொழிலுக்கு வந்த நான்காம் வருடம் ஒற்றைக் கல் மோதிரம் ஒன்றை அப்படியே பார்த்து 'ஜே' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் கல்லைப் பெயர்த்துச் சோதித்தபோது அது 'ஜி'. விற்றவர் என் வாசலில் வந்து நின்றார். வித்தியாசத்தில் ஒரு பங்கைக் கைக்காசிலிருந்து கொடுத்தேன். அதிலிருந்து கட்டடத்தில் இருக்கும் கல்லுக்கு ஒற்றை எழுத்து சொல்வதில்லை. 'ஐ-யிலிருந்து கே-க்குள்' என்பதுபோல எல்லைதான் சொல்வேன். உங்கள் தோட்டுக்கும் எழுத்து சொன்னவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு, சின்னக் கல்லில் நிறத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கல் பத்து சென்ட், அதாவது காரட்டில் பத்தில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொண்டால் இரண்டு காதிலும் உள்ள பதினான்கு கல்லும் சேர்த்து 1.4 காரட். ஆனால் 1.4 காரட்டில் ஒரே கல் என்ன விலையோ, அதில் சிறு பங்குதான் இந்தப் பதினான்கும் பெறும். எடை கூடக் கூடக் காரட்டுக்கான விலையும் கூடும் என்பதே காரணம். சிறு கற்களைத் தனித்தனி எழுத்தாக யாரும் வாங்குவதும் இல்லை. ஈ-எஃப், ஜி-எச் என்று பொட்டலமாகத்தான் வாங்குவார்கள். கடையில் உங்களிடம் கலரைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள். பழைய பட்டை என்பதாலும் விலை குறைத்திருப்பார்கள், அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது அந்தப் பாதி விலை ஈ.எஃப். தோடு. ஆய்வக வைரமா என்று நேராகக் கேளுங்கள். ஆய்வகத்தில் விளைவதும் வைரமே. அணியலாம், தப்பே இல்லை. கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து 'பீப்' சத்தம் காட்டுவார்கள். அது ஆய்வக வைரத்துக்கும் அதே சத்தம்தான் போடும், நம்பிவிடாதீர்கள். நிறத்தின் கணக்கு அங்கே கவிழ்ந்துவிடுகிறது. பூமியில் வெண்மை அபூர்வம், அதனால் விலை. இயந்திரத்தில் நைட்ரஜனை விலக்கி வைத்துவிட்டால் வேண்டிய அளவு வெண்மை வரும், அபூர்வம் ஏது? விலையும் வருடா வருடம் சரிந்திருக்கிறது. 2025-ல் ஜி.ஐ.ஏ. ஆய்வக வைரங்களுக்கு டி முதல் இசட் வரை எழுத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று இரண்டே வகையாக்கியது.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. இயந்திரத்தில் நைட்ரஜனை விலக்காமல் விட்டால் வருவது கேனரி மஞ்சள், ஏனென்றால் அணுக்கள் நகர நேரமே இல்லை. மூன்று பேர் கூடி உட்கார்ந்த உங்கள் வீட்டு இளமஞ்சளுக்குப் பூமியின் சூட்டில் கோடிக்கணக்கான வருடம் வேண்டும். கடைக்காரர் குறை என்று காட்டிய அந்தச் சாயலைத்தான் கல்லைச் சோதிக்கும்போது நாங்கள் 'இது இயற்கைக் கல்' என்பதற்கு முதல் அடையாளமாகத் தேடுகிறோம்.

மாற்றலாமா என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். பழசை எடுக்கும்போது மொத்த விலைக்கும் கீழே, புதுசைக் கொடுக்கும்போது சில்லறை விலை, செய்கூலி, வரி. கைக்காசு நிறையப் போகும். இளமஞ்சள் கல்லுக்கு மஞ்சள் தங்கத்தைவிடப் பொருத்தமான வீடு இல்லை, அணிந்தால் நிறம் தெரியவே தெரியாது. மகளுக்கு மாடல்தான் பிடிக்கவில்லை என்றால் அதே கற்களை வைத்துப் புதுக் கட்டடம் கட்டச் சொல்லுங்கள். கொடுக்கும்போது கற்களை எண்ணி, எடை போட்டு, உருப்பெருக்கியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆசாரி முன்னால் உட்கார்ந்தே கல்லைப் பெயர்க்கச் சொல்லுங்கள். விளிம்பு சிதறினால் அங்கேயே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு கல் மாற்ற வேண்டி வந்தால் 'நல்ல வெள்ளைக் கல்லாகப் போடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒன்று, மற்றப் பதின்மூன்றையும் மஞ்சளாக்கிக் காட்டும். சாயலுக்குச் சாயல் பொருந்தும் கல்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தோட்டைக் கழுவுங்கள். பின்பக்கம் திறந்த கட்டடமாக இருந்தால் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போட்டு, குழந்தைகளுக்கான பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். மூடிய கட்டடமாக இருந்தால் ஊறவைக்க வேண்டாம், உள்ளே நீர் புகுந்து தங்கிவிடும், ஆசாரியிடமே கொடுங்கள். காய்ந்ததும் காலை பத்து மணி வாக்கில் முற்றத்துக்கு எடுத்துப்போய் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நேர் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை. நீலம் அடித்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.